பொங்கலுக்குப் பணம் தருகிறார்கள், பட்டியலில் இடம் ஏன் தருவதில்லை?

கேள்வி இது: "மெல்பர்னுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பொங்கல் விழாவுக்கு மாநில அரசு பணம் தருகிறது. எம்.பி.க்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து 'வணக்கம்' சொல்கிறார்கள். ஆனால் நாடாளுமன்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் நம்மைப் போன்ற முகங்கள் குறைவாகத்தான் தெரிகின்றன. பன்முகப் பண்பாட்டுக்கு அரசு இவ்வளவு ஆதரவு தரும்போது அரசியலில் மட்டும் ஏன் இப்படி? எல்லாம் ஒப்பனைதானா?"

ஒப்பனை இல்லை. ஆனால் இரண்டு வேறு வாசல்களை ஒரே வாசல் என்று நினைக்கிறீர்கள். விழாவுக்குப் பணம் தருவது அரசு. தேர்தலில் ஆளை நிறுத்துவது கட்சி. அரசின் கதவு ஐம்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. கட்சியின் கதவுக்கு வேறு பூட்டு, வேறு சாவி. ஒரு தமிழ்ச் சங்கத்தில் பன்னிரண்டு வருடம் குழுவில் இருந்தவன், அதில் பாதிக் காலம் செயலாளர். முதல் கதவைத் தட்டிக்கொண்டே இரண்டாவதும் தானாகத் திறக்கும் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

அரசின் கதவை முதலில் பார்ப்போம். அதைக் குறைத்துச் சொன்னால் பாவம்.

1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்ததும் நிறைவேற்றிய ஆரம்பச் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்று நாம் சொல்வதன் அடித்தளம் அதுதான். சட்டத்தில் நிறம் என்ற சொல் வராது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் படிப்பார், நீங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகோன் கிஷ் என்ற செக் எழுத்தாளர் வந்தார். அவருக்குப் பல மொழி தெரியும் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். (அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் அரசு தோற்றது.) 1958இல்தான் இந்தத் தேர்வு ஒழிந்தது. 1966இல் ஹரோல்ட் ஹோல்ட் அரசு விதிகளைத் தளர்த்தியது, 1973இல் கஃப் விட்லமின் லேபர் கட்சி அரசு குடியேற்றத்தில் இனம் பார்ப்பதையே நீக்கியது. ஹோல்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார்.

அதே 1973இல்தான் விட்லமின் குடியேற்ற அமைச்சர் ஆல் கிராஸ்பி 'பன்முகப் பண்பாட்டுச் சமூகம்' என்ற பேச்சைத் தொடங்கினார். தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையும் அந்த வருடம்தான் வந்தது. 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம். ஆனால் இதற்கெல்லாம் உடலும் எலும்பும் கொடுத்தது விட்லமை அடுத்து வந்த, எதிர்முகாமான லிபரல் கட்சியின் பிரதமர் மால்கம் ஃபிரேசர். 1978இல் மெல்பர்ன் வழக்கறிஞர் ஃபிராங்க் கால்பாலி தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பொதுச் சேவைகள் மட்டும் போதாது, அவரவர் மொழியிலும் அவரவர் அமைப்புகள் வழியாகவும் உதவி போக வேண்டும் என்பது அதன் சாரம். குடியேறியோர் உதவி மையங்கள், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு, சமூக அமைப்புகளுக்கு மானியம் எல்லாம் அங்கிருந்துதான் விரிந்தன. 1980இல் பல மொழிகளில் ஒளிபரப்பும் எஸ்.பி.எஸ் என்ற அரசுத் தொலைக்காட்சி வந்தது. இடதுசாரிகள் ஆரம்பித்ததை வலதுசாரிகள் கட்டி முடித்தார்கள் என்பதை இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள்.

நமக்குக் கிடைத்தது என்ன? நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் பேச ஒரு குரல் போனில் கிடைக்கிறது. எஸ்.பி.எஸ்ஸில் தமிழ் ஒலிபரப்பு இருக்கிறது. விக்டோரியாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம், மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எண்ணப்படும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநில அரசு உதவுகிறது. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கு மேல். அப்போது நாட்டின் மக்கள்தொகை இரண்டரைக் கோடியைச் சற்றுத் தாண்டியிருந்தது, அதில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஐம்பது சொல் எழுதச் சொன்ன நாடு இது.

இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இந்த ஆதரவு ஆட்சியோடு ஏறி இறங்கும். 1996இல் லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்ட் வந்தவுடன் பிரதமர் துறையில் இருந்த பன்முகப் பண்பாட்டு அலுவலகத்தை மூடினார். 2007 தொடக்கத்தில் குடியேற்றத் துறையின் பெயரிலிருந்தே அந்தச் சொல் போனது. கனடாவில் 1988 முதல் தேசிய அளவில் பன்முகப் பண்பாட்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா போன்ற மாநிலங்களில் சட்டம் உண்டு, கூட்டாட்சி அளவில் இல்லை.

இரண்டு, நெருக்கடி வரும்போதுதான் உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். 2020 ஜூலை 4, மெல்பர்னில் ஃபிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளின் ஒன்பது அரசு அடுக்குமாடிகளை முன்னறிவிப்பு இல்லாமல் அடைத்தார்கள். கொரோனா காரணம். உள்ளே சுமார் 3000 பேர், பெரும்பாலோர் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கீழே போலீஸ் நிற்கிறது, மேலே இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்ல முதலில் ஆள் இல்லை. அந்தக் கட்டிடங்களில் வளர்ந்த பிள்ளைகளே உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். அந்த வருட டிசம்பரில் மாநில ஆம்புட்ஸ்மன் (அரசுமீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி), உடனடியாக அடைத்த விதம் மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்றார், மன்னிப்புக் கேட்கப் பரிந்துரைத்தார். அரசு கேட்கவில்லை. பன்முகப் பண்பாட்டு ஆணையமும் மானியமும் நாட்டிலேயே முன்னோடியாக இருக்கும் மாநிலத்தில் இது நடந்தது. முடிவு எடுத்த அறையில் அந்தக் கட்டிடத்து வாழ்க்கை தெரிந்தவர் ஒருவராவது இருந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர்களையும் போலீஸோடு சேர்த்தே அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, மானியத்துக்கு வருவோம். எங்கள் சங்கத்தில் எல்லோரும் 'கிராண்ட்' என்றுதான் சொல்வோம். விண்ணப்பத்தில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் பிற சமூகத்தவர், அரசின் சின்னத்தை எங்கே போடுவீர்கள், அமைச்சரை அழைப்பீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். முடிந்ததும் ரசீதுகளோடு கணக்கு ஒப்படைக்க வேண்டும். இதில் தப்பு இல்லை, மக்கள் பணம். ஆனால் நாலைந்து வருடம் எழுதியபின் சங்கம் என்ன செய்யலாம் என்பதை அந்தப் படிவமே தீர்மானிக்க ஆரம்பித்துவிடும். ஒரு முறை தேர்தலுக்கு முன் வாக்குச்சீட்டில் எப்படி எண் போடுவது, கட்சிகளில் எப்படிச் சேர்வது என்று ஒரு பயிற்சி நாளுக்கு விண்ணப்பித்தோம். அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, ரொம்ப மரியாதையாக, "இது அரசியல் மாதிரி தெரிகிறது, கலை நிகழ்ச்சியாக மாற்றி எழுத முடியுமா?" என்றார். மாற்றினோம். பரதநாட்டியமும் வடையும் கிடைத்தன.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்த அமைப்பு ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும் நோக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். ஆக, அரசு எந்த அமைப்புகளைத் தாங்கிப் பிடிக்கிறதோ அந்த அமைப்புகள் கட்சி அரசியலுக்கு ஆள் தயாரிக்கும் இடமாக இருக்க முடியாது. எம்.பி. வருகிறார், சங்கத் தலைவரோடு படம் எடுக்கிறார், தலைவருக்கும் மகிழ்ச்சி. "சமூகத்தோடு பேசிவிட்டோம்" என்று அவர் கட்சிக்குப் போய்ச் சொல்கிறார். எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "பந்தியில தலைவாழை இலை போடுறாங்க தம்பி, சமையக்கட்டுப் பக்கம் மட்டும் விடமாட்டாங்க."

இப்போது சமையல்கட்டு. 2018இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் ஒரு கணக்குப் போட்டது. மக்கள்தொகையில் ஐரோப்பியர் அல்லாத பின்னணி உள்ளவர்கள் சுமார் 21 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் சுமார் 4. அதன்பின் 2022, 2025 தேர்தல்களில் கண்ணுக்குத் தெரியும் அளவு மாற்றம் வந்திருக்கிறது. பெனி வோங் வெளியுறவு அமைச்சர். எட் ஹூசிக், ஆன் அலி இருவரும் 2022இல் முதல் முஸ்லிம் அமைச்சர்கள் ஆனார்கள். ஆனாலும் இடைவெளி பெரிது. காரணம் வேட்பாளர் தேர்வு. 'ப்ரீசெலக்‌ஷன்' என்று இங்கே சொல்கிறார்கள். பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்த கதை என்பதால் அங்கே உண்மையான தேர்தல் இதுதான். அதில் வாக்களிப்பவர்கள் சில நூறு உறுப்பினர்கள், பல நேரம் அதுவும் இல்லை, மேலிடத்தில் ஒரு சிறு குழு. விக்டோரியா லேபரில் பாதி எடை உள்ளூர் உறுப்பினர்களுக்கு, பாதி மாநிலக் குழுவுக்கு. தேசிய நிர்வாகக் குழு நினைத்தால் இரண்டையும் தள்ளிவிட்டுத் தானே ஆளை அறிவிக்கலாம்.

இதற்குப் பாடமாகவே வைக்கலாம் என்றால் அது ஃபவுலர். மேற்கு சிட்னியில் காப்ரமாட்டா, ஃபேர்ஃபீல்ட் பகுதிகளைக் கொண்ட தொகுதி. நாட்டிலேயே வியட்நாமியர் அடர்ந்து வாழும் இடங்களில் ஒன்று. 1984இல் தொகுதி உருவானதிலிருந்து லேபர் தோற்றதே இல்லை, 2019இல் அவர்கள் ஜெயித்த வித்தியாசக் கணக்கு 14 விழுக்காடு. 2022 தேர்தலோடு அங்கே எம்.பி.யாக இருந்தவர் ஓய்வு பெறுகிறார். தனக்குப் பின் டூ லே என்ற இளம் வழக்கறிஞர் வரட்டும் என்று அவரே சொல்கிறார். வியட்நாம் அகதிகளின் மகள், அந்தப் பகுதியில் வேலை செய்தவர். ஆனால் கட்சிக்குள் வேறு சிக்கல். கிறிஸ்டினா கெனியலி என்ற மூத்த செனட்டர் பட்டியலில் வெல்லக்கூடிய இடத்தை இழக்கும் நிலையில் இருந்தார், அவருக்கு ஒரு பத்திரமான இடம் வேண்டும். அவர் குடியிருந்ததோ சிட்னியின் இன்னொரு முனையில், படகில் மட்டுமே போகக்கூடிய ஸ்காட்லாந்து தீவில். அவரைக் கொண்டுவந்து ஃபவுலரில் இறக்கினார்கள். லிவர்பூலில் ஒரு வீட்டுக்கு மாறினார். "நானும் குடியேறி வந்தவள்தானே" என்ற தொனியில் பேசவும் செய்தார். அவர் அமெரிக்காவில் பிறந்தவர், உண்மைதான்.

காப்ரமாட்டா மக்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அதற்கு முந்தைய வருடம்தான், 2021 ஊரடங்கில், சிட்னியின் கடற்கரைப் பகுதிகளைவிட இவர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு, தெருவில் ராணுவத்தினர். அந்தக் கோபம் ஆறவில்லை. டாய் லே (முன்னே சொன்ன டூ லே அல்ல, வேறொருவர்) சுயேச்சையாக நின்றார். சைகோனில் பிறந்தவர், குழந்தையாக அகதி முகாம்கள் வழியாக 1979இல் வந்து சேர்ந்தவர், ஃபேர்ஃபீல்ட் நகராட்சியின் துணை மேயர். லிபரல் கட்சியில் இருந்து, உள்ளாட்சித் தேர்தலில் கட்சி வேட்பாளருக்கு எதிராக நின்றதால் இடைநீக்கம் செய்யப்பட்டவர். 2022 மே மாதம் அவர் ஜெயித்தார். நாடாளுமன்றத்தில் முதல் பேச்சுக்கு ஆஸ்திரேலியக் கொடியையே ஆவ் ஸாய் என்ற வியட்நாமிய மரபு உடையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். 2025இல் லேபர் பாடம் படித்ததோ என்னவோ, முன்பு ஒதுக்கிய டூ லேயையே நிறுத்தியது. டாய் லே மறுபடியும் ஜெயித்தார். மூன்று வருடம் பிந்திய மரியாதை.

இதைச் சொன்னால் உடனே "அப்படியானால் மக்கள் தண்டிக்கிறார்களே, சரியாகிவிடும்" என்பார்கள். பக்கத்திலேயே பரமட்டா இருக்கிறது. ஹாரிஸ் பார்க் கடைத்தெருவெல்லாம் இந்திய மணம். அதே 2022இல் அங்கும் லேபர், கிழக்கு சிட்னியின் பணக்காரப் பகுதியிலிருந்து பொருளாதார நிபுணர் ஆண்ட்ரூ சார்ல்டனைக் கொண்டுவந்தது. உள்ளூரில் வாய்ப்புக் கேட்டுக் காத்திருந்தவர்கள் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர் ஜெயித்தார், நன்றாகவும் வேலை செய்கிறார், இந்தியச் சமூகத்தோடு நெருக்கமும் வைத்திருக்கிறார். ஃபவுலரில் நடந்தது விதிவிலக்கு, பரமட்டாவில் நடந்ததுதான் வழக்கம்.

சரி, உள்ளே போனவர்கள் எப்படிப் போனார்கள்? இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2022இல் மெல்பர்னின் ஹிக்கின்ஸ் தொகுதியில் ஜெயித்தவர் மிஷெல் ஆனந்தராஜா. இலங்கைத் தமிழ்ப் பின்னணி, லண்டனில் பிறந்து ஸாம்பியாவில் வளர்ந்து சிறுமியாக இங்கே வந்தவர், மருத்துவர். ஹிக்கின்ஸ் தமிழர் பகுதியே இல்லை, டூராக் பணக்காரர்களின் தொகுதி. 1949 முதல் லிபரல் கையை விட்டுப் போகாதது. அதை முதலில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? ஹரோல்ட் ஹோல்ட். 1966இல் வெள்ளை ஆஸ்திரேலியாவின் முதல் செங்கல்லை உருவிய அதே ஹோல்ட். அதே தேர்தலில் மெல்பர்ன் தென்கிழக்கில் அவர் பெயரையே சுமக்கும் 'ஹோல்ட்' தொகுதியில் கசாண்ட்ரா ஃபெர்னாண்டோ ஜெயித்தார். இலங்கையில் பிறந்தவர், பெரிய கடையின் பேக்கரியில் வேலை பார்த்தவர்.

இருவர் பாதையையும் கவனியுங்கள். ஃபெர்னாண்டோ தொழிற்சங்கம் வழியாக வந்தார். ஆனந்தராஜாவுக்குக் கிடைத்தது யாரும் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டாத தொகுதி. பின்னர் எல்லை மறுவரையறையில் ஹிக்கின்ஸ் தொகுதியே இல்லாமல் போக, 2025இல் செனட்டுக்குப் போனார். விக்டோரியாவில் கிரீன்ஸ் கட்சியை 2017 முதல் 2024 வரை நடத்திய சமந்தா ரத்னமும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண், அவர் நகராட்சி உறுப்பினராகத் தொடங்கி மேயராகி மேலே வந்தார். தொழிற்சங்கம், கட்சி, நகராட்சி. இந்த மூன்றில் எதற்கும் பொங்கல் விழா மேடை வழியாகப் பாதை கிடையாது.

பாதை இல்லை என்றா சொன்னேன், கோணல் பாதை ஒன்று உண்டு. சமூகத் தலைவர் ஒருவர் நூறு இருநூறு பேரைக் கட்சியில் மொத்தமாகச் சேர்ப்பார். உறுப்பினர் கட்டணத்தை வேறு யாரோ கட்டுவார்கள். உறுப்பினர் ஆனவருக்கே அது தெரியாமலும் இருக்கும். வேட்பாளர் தேர்வு நாளில் வாக்கு ஒரு பக்கமாக விழும். 'பிராஞ்ச் ஸ்டாக்கிங்' என்று பெயர். 2020 ஜூனில் விக்டோரியா லேபரில் இது ரகசியப் பதிவுகளோடு வெளியே வந்து, ஒரு மாநில அமைச்சர் பதவி இழந்தார், மாநிலக் கட்சி நிர்வாகத்தைத் தேசியக் குழு கையில் எடுத்தது. 2022 ஜூலையில் ஊழல் தடுப்பு ஆணையமும் ஆம்புட்ஸ்மனும் சேர்ந்து கொடுத்த அறிக்கையில் மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர்களைக் கோஷ்டி வேலைக்குப் பயன்படுத்தியது விவரமாக இருக்கிறது. எனக்கு இதில் எரிச்சல் எது என்றால், செய்தியில் அடிபட்டது இனக்குழுக்களின் பெயர். லாபம் அடைந்தது கோஷ்டித் தலைவர்கள். பிறகு 'சுத்தம் செய்கிறோம்' என்று உள்ளூர் உறுப்பினர் வாக்கையே நிறுத்திவைத்தார்கள், 2022 தேர்தலுக்கு வேட்பாளரை மேலிடமே தேர்ந்தெடுத்தது. நேர்மையாகச் சேர்ந்த புதியவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

கனடாவில் மட்டும் தமிழர் எப்படி எம்.பி. ஆனார்கள் என்று கேட்பீர்கள். அங்கே 2011இலேயே ராதிகா சிற்சபைஈசன், 2015 முதல் கேரி ஆனந்தசங்கரி, அவர் இப்போது பொதுப் பாதுகாப்பு அமைச்சர். நாம் ஒன்றும் சோடை போகவில்லை, ஊர் அமைப்பு வேறு. ஸ்கார்பரோவில் தமிழர் ஒரே இடத்தில் திரண்டு வாழ்கிறார்கள். அங்கே குடியுரிமை வாங்காத நிரந்தரக் குடிகளும் கட்சியில் சேர்ந்து வேட்பாளர் தேர்வில் வாக்களிக்க முடிந்தது. திறந்த போட்டியில் உறுப்பினர் சேர்ப்பவருக்கு வலு. இங்கே 95 ஆயிரம் பேர் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், பெர்த் என்று சிதறிக் கிடக்கிறோம். வென்ட்வொர்த்வில், டாண்டினாங் போன்ற இடங்களில்கூட நாம் ஒரு தொகுதியைப் புரட்டும் அளவு இல்லை.

சட்டத்தில் இருக்கும் முட்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு இல்லை. நியூசிலாந்தில் ஒரு வருடம் வாழ்ந்த நிரந்தரக் குடிக்கு வாக்கு உண்டு. இங்கே குடியுரிமைக்கு நான்கு வருடம், பிறகு 20 கேள்விகள் கொண்ட தேர்வு, 2020 கடைசியிலிருந்து அதில் 'விழுமியங்கள்' பற்றிய ஐந்தும் சரியாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் 1984 ஜனவரி 26க்கு முன் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள் குடியுரிமை வாங்காமலே இன்றைக்கும் வாக்களிக்கலாம். விளங்கிக்கொள்ளுங்கள். படகில் வந்து பல வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கும் ஈழத் தமிழருக்கு இந்த வரிசையில் நிற்கவே இடம் இல்லை. 2023இல் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசா வழி திறந்தது நல்ல விஷயம். விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் வரவில்லை.

அடுத்தது அரசமைப்பின் 44ஆம் பிரிவு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தேர்தலில் நிற்க முடியாது. 2017-18இல் இதனால் சரமாரியாக எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள், பெரும்பாலும் பிரிட்டன், நியூசிலாந்து வழி வந்தவர்கள். இந்தியக் குடியுரிமை இங்கே உறுதிமொழி எடுத்தவுடன் தானாகப் போய்விடும், அந்த வகையில் நமக்கு லேசு. இலங்கைக் குடியுரிமையைத் தனியாக விண்ணப்பித்துத் தக்கவைத்திருந்தால் முறைப்படி துறக்க வேண்டும். அதே பிரிவில் அரசுச் சம்பளம் வாங்குபவரும் நிற்க முடியாது என்று இருக்கிறது. 1992இல் விடுப்பில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர் ஜெயித்தும் பதவி போனது. நம்மில் எத்தனை பேர் அரசு மருத்துவமனையிலும் துறைகளிலும் வேலை பார்க்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் மனுவே தாக்கல் செய்ய வேண்டும். வீட்டுக் கடன் தவணை கட்டும் முதல் தலைமுறைக்கு அது லேசான முடிவா?

செல்லாத வாக்கு என்ற பிரச்சினையும் உண்டு. நாட்டின் சராசரி சுமார் 5 விழுக்காடு, மேற்கு சிட்னியின் சில தொகுதிகளில் அதன் இரட்டிப்பு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் '1' மட்டும் போட்டால் போதும், கூட்டாட்சித் தேர்தலின் கீழவைச் சீட்டில் எல்லாக் கட்டத்துக்கும் எண் போட வேண்டும். ஒரே ஆள், ஒரே பள்ளிக்கூட வாக்குச்சாவடி, இரண்டு விதி. எங்கள் 'அரசியல் மாதிரி தெரிந்த' பயிற்சி நாளில் சொல்ல நினைத்தது இப்படிப்பட்ட விஷயங்களைத்தான்.

இடையில் ஒன்று. பூர்வகுடி மக்களை இந்தப் 'பன்முகப் பண்பாடு' கணக்கில் சேர்த்துப் பேசாதீர்கள். அவர்கள் குடியேறி வந்தவர்கள் இல்லை, அந்த வரிசையில் தங்களை நிறுத்துவதை அவர்களில் பலர் விரும்புவதும் இல்லை. 1962இல்தான் அவர்கள் அனைவருக்கும் கூட்டாட்சி வாக்குரிமை வந்தது. 2023 அக்டோபரில் அவர்களுக்கு ஓர் ஆலோசனைக் குரல் தரும் பொதுவாக்கெடுப்பு ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றதால் தோற்றது. அவர்கள் நிலத்தில் வந்து நமக்கு நாற்காலி கேட்கும்போது அந்த நினைப்பும் கூட இருப்பது நல்லது.

இதற்கு மருந்து இருக்கிறதா? 1994இல் லேபர் கட்சி, ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் 35 விழுக்காடு பெண்களுக்கு என்று விதி போட்டது. அன்றைக்குத் 'தகுதி என்ன ஆவது' என்று கூச்சல். இன்று கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் அக்கட்சி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதாவது அரசு பிரசுரங்களால் ஆகாததைக் கட்சி விதி ஒன்று முப்பது வருடத்தில் செய்தது. பண்பாட்டுப் பின்னணிக்கு அப்படி ஒரு விதியை எந்தப் பெரிய கட்சியும் போடவில்லை. யாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சிக்கல் உண்மைதான், இத்தாலிய வம்சத்து மூன்றாம் தலைமுறையும் நேற்று வந்தவரும் ஒரே பெட்டியா என்று கேட்பார்கள். ஆனால் ஒதுக்கீடு வேண்டாம் என்றாலும் வேட்பாளர் தேர்வில் யார் யார் விண்ணப்பித்தார்கள், எங்கே தட்டிவிட்டார்கள் என்ற கணக்கையாவது கட்சிகள் வெளியிடலாம். 2024 ஜூலையில் வந்த பன்முகப் பண்பாட்டுச் சட்டக மறுஆய்வு 29 பரிந்துரைகள் கொடுத்தது. அரசு அமைத்த குழு அரசுக்குத்தான் பரிந்துரைக்கும், கட்சி அலுவலகத்தின் பூட்டை அதனால் திறக்க முடியாது.

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடியுரிமை இருந்தால் உங்கள் பகுதிக் கட்சிக் கிளையில் சேருங்கள். எந்தக் கட்சி என்பது உங்கள் பாடு. வேலையிடத்துத் தொழிற்சங்கத்தில் சேருங்கள், நம்மவர்கள் ஐ.டி.யில் இருந்துகொண்டு அதை ஏதோ தொழிற்சாலைச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். நகராட்சித் தேர்தலைப் பாருங்கள், விக்டோரியாவில் அடுத்தது 2028 அக்டோபர். சொந்த வீட்டுக்கு வரி கட்டுபவராக இருந்தால் குடியுரிமை இல்லாமலும் அதில் வாக்காளராக விண்ணப்பிக்க முடியும், இது பலருக்குத் தெரியாது. ஒரு தொல்லை, 2020 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு பெருநகர மன்றங்களில் பெரும்பாலும் ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர் என்று ஆகிவிட்டது. பல உறுப்பினர் வார்டில் சிதறிய சமூகம் வாக்கைச் சேர்த்து ஒருவரை உள்ளே அனுப்ப முடியும், இப்போது அது கஷ்டம். ஆகவே தமிழர் வாக்கை மட்டும் நம்பி நிற்காதீர்கள், பக்கத்து வீட்டு கிரேக்கத் தாத்தாவிடமும் குப்பை வண்டி பற்றிப் பேசத் தெரிய வேண்டும்.

சங்கப் பொறுப்பை விட்டபின் நானும் ஒரு கட்சிக் கிளைக் கூட்டத்துக்குப் போனேன். குளிரான ஒரு நூலக அறை, பதினொரு பேர், பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். ஒரு மணி நேரம் பூங்காக் கழிப்பறை பற்றியே பேசினார்கள். யாரும் படம் எடுக்கவில்லை, மாலை போடவில்லை, என் பெயரைக்கூட இரண்டு முறை தப்பாகச் சொன்னார்கள். அடுத்த மாதமும் போனேன். மூன்றாவது கூட்டத்தில், குறிப்பு எழுதுகிற அம்மா உடம்பு சரியில்லாமல் வரவில்லை, தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த வேட்பாளர் தேர்வில் வாக்களிக்கத் தகுதி உள்ள உள்ளூர் உறுப்பினர்களின் பட்டியலும் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நாற்பத்திரண்டு பெயர்கள். அதில் தமிழ்ப் பெயர் இரண்டு.